கியர் விழாத வளைவு

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. என் ஜீப்பில் எஸ்டேட் மேல் டிவிஷனிலிருந்து நாலு, கீழ் டிவிஷனிலிருந்து நாலு, மொத்தம் எட்டுப் பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்தது மித்ரா, இரண்டாம் வகுப்பு. அம்மாவின் சேலையை விடமாட்டேன் என்று ஒரே அழுகை. மற்ற பிள்ளைகள் நடுவில் உட்காரவைத்துக்கொண்டதும் அடங்கியது.

லீவு முழுக்க ஜீப் சும்மா நின்றது. காலையில் ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரவென்று அரைத்தது. செகண்டும் ஒரே தடவையில் விழவில்லை. ரெண்டு நாள் ஓடினால் சரியாகும்.

எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் அன்றன்றைக்கு ஓடியதை எழுதி ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டும். ரிட்டயர் ஆகி, எஸ்டேட் கழித்துக்கட்டிய இந்தப் பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறேன். இப்போது கையெழுத்துப் போட யாரும் இல்லை. எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

சரியாகவில்லை. சாயங்காலம் கல்மேட்டு வளைவில் செகண்ட் விழ மறுத்தது. அந்த வளைவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு, கீழே ஆறு. தேர்டில் வந்து, வளைவு வாயில் செகண்டுக்கு இறக்கி, ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும். கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். இன்றைக்கு மூன்று தடவை அமுக்கிப் போட்ட பிறகுதான் விழுந்தது.

ஜூன் 9, ஞாயிறு

கீழே படுத்துப் பார்த்தேன். கிளட்ச் பெடலில் ஆட்டம் அதிகமாக இருந்தது. கம்பியை முறுக்கி ஒரு அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். கியர் ஆயில் மாற்றினேன். எழுந்திருக்கும்போது வீட்டுக்காரி தவமணி கை கொடுத்தாள். இவ்வளவு நாள் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

அதே சத்தம்.

ஜூன் 15, சனி

ஹனீபா பாயிடம் விட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை. எனக்கு ஒரு பதினைந்து வயது இளையவன். ஆம்புலன்ஸ் காலத்திலிருந்தே அவன்தான் என் வண்டிகளைப் பார்க்கிறான். அடிவாரத்தில் வண்டி நின்றுவிட்டது என்று போன் போட்டால் பஸ் பிடித்து வந்துவிடுவான்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, தேர்டு போட்டு, கிளட்சை மெதுவாக விட்டான். என்ஜின் அணைந்திருக்க வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"பிளேட் தேஞ்சு போச்சு முத்தண்ணே. பிடிக்கல. மாத்திடுவோம்."

நாளைக்கும் வேலை இருக்கும் என்றான். பஸ்ஸில் வீடு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

புது பிளேட், புது பேரிங். பெடல் பஞ்சு மாதிரி. கல்மேட்டில் செகண்ட் முனகலோடு விழுந்தது. புதுசு, பழக வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இடது காலில் செருப்பு இல்லை. ஜீப்பில் தேடினேன், இல்லை. வந்த வழியில் தேடினேன். பள்ளிக்கூட வாசலில் சேற்றில் கிடந்தது.

தவமணியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "செருப்பு கழண்டது தெரியாமலா அவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்றாள். மழையில் கால் விறைத்துவிட்டது என்றேன்.

ஜூலை 11, வியாழன்

ஏற்றத்தில் கருகல் வாடை. என்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. மாற்றி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கியர் அரைப்பதும் திரும்ப வந்துவிட்டது. பாய் என்ன பிளேட் போட்டானோ.

ஜூலை 17, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் நல்ல மழை. பிள்ளைகள் எட்டுப் பேரும் பின்னால். முன்னால் என் பக்கத்தில் ரெஜினா. கீழ் டிவிஷன் பிள்ளை ஷைனியின் அம்மா. ரேஷன் வாங்கிக்கொண்டு வந்தவளை மழையாயிருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டேன்.

கல்மேட்டு வளைவில் செகண்ட் விழவில்லை. வண்டி நின்றது. பிரேக்கில் நிறுத்தி ஃபர்ஸ்ட் போட்டேன். அரைத்து அரைத்து விழுந்தது. வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றும் நேரத்தில் கிளட்ச் பெடல் இடது காலை விட்டு வழுக்கிவிட்டது. பெடல் ரப்பர் தேய்ந்து கிடக்கிறது, அதனால்தான். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் உருள ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தேன். பாசி பிடித்த ரோடு, சக்கரம் நின்றும் வண்டி சறுக்கியது. ஹேண்ட்பிரேக் பாதிதான் பிடித்தது. ரெஜினா எப்போது குதித்தாள் என்று பார்க்கவில்லை. ரோட்டோரக் கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டிருக்கிறாள். வண்டி கல்லில் ஏறி உட்கார்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். சரிவுக்கு இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

அவர்களை இறக்கி நடக்கவிட்டு, வெறும் வண்டியை எடுத்து மேலே கொண்டுபோனேன். ரெஜினாவின் உள்ளங்கை கிழிந்திருந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளோடு நடந்து வந்தாள்.

ஜூலை 18, வியாழன்

காலையில் ஷைனியை ஏற்றிவிட வந்தபோது ரெஜினா என் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. நேத்து நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். உங்க கால் பெடல்ல பாதிதான் இருந்துச்சு. விரல் நுனி மட்டும்."

"ரப்பர் தேஞ்சிருக்கு, வழுக்குச்சு."

"வழுக்குறதுக்கு முன்னாலேயே அப்படித்தான் இருந்துச்சுண்ணே."

"நான் எத்தனை வருஷமா ஓட்டுறேன் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அவளும் கல்யாணத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் அப்பாவின் காய்கறி வண்டியை ஓட்டியவள்தானாம். சமவெளியில் ஓட்டுவதும் இந்த மலையில் ஓட்டுவதும் ஒன்றா?

ஜூலை 20, சனி

பாய் கியர் பாக்ஸை இறக்கினான். நான் பக்கத்திலேயே நின்றேன். பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். கருகி, ரிவெட் தலை தெரிந்தது. ஃபிளைவீலில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"ஒரு மாசத்துல புது பிளேட் இப்படி ஆகாது முத்தண்ணே. கிளட்ச்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க."

"யாரு, நானா?"

"வண்டில ரெண்டு கோளாறு. கியர் அரைக்குது, பிளேட் கருகுது. ரெண்டுமே கால்தான் பண்ணுது. அமுக்க வேண்டிய நேரத்துல முழுசா அமுக்கல. விட வேண்டிய நேரத்துல முழுசா விடல."

"எல் போர்டு பையன் பண்ற தப்ப எங்கிட்டச் சொல்றியா?"

இன்னொரு புது பிளேட்டை மாட்டினான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி வந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, திரும்ப செகண்ட், ரிவர்ஸ். ஒரு சத்தம் இல்லை. பிறகு நான் ஓட்டினேன். செகண்டில் அரைத்தது.

"பாருங்க" என்றான்.

என்ன பார்க்க? தன் கைக்கு அடங்குகிற மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறான். ஜூன் மாசம் போட்டது பழைய பிளேட்டாகத்தான் இருக்கும். தேய்த்து மெருகேற்றிப் புதுசென்று மாட்டிவிட்டு, இப்போது பழியை என் கால் மேல் போடுகிறான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

ஜீப் ஸ்டாண்டில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சொன்னேன். பாய் பழைய பிளேட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டான், எட்டுப் பிள்ளைகள் சாகப் பார்த்தார்கள் என்று சொன்னேன். ரெண்டு பேர் எங்கள் வண்டியையும் போன மாசம் அங்கேதான் விட்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் நினைத்ததைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, சனி

பாலத்துப் பக்கம் இருக்கிற பட்டறையில் காட்டினேன். பெடலுக்குப் புது ரப்பர், புது ஸ்பிரிங். அந்த மெக்கானிக் ஓட்டும்போது சத்தம் இல்லை. நான் எடுத்து வரும்போது மார்க்கெட் முக்கிலேயே அரைத்தது.

வரும் வழியில் பார்த்தேன். ஹனீபா பட்டறையில் ஒரு வண்டிகூட இல்லை. அவன் ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் யாருக்கும் வேலை இருக்காது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பேய் மழை. ரோட்டில் மரம் விழுந்து பள்ளிக்கூடம் லீவு. சுகர் மாத்திரை தீர்ந்து கொஞ்ச நாளாகிவிட்டது. தவமணிக்குத் தெரியாது. டீயில் சீனி போடாமல்தான் குடிக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஷைனி வரவில்லை. போன வெள்ளிக்கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. ரோட்டில் ரெஜினாவும் ஷைனியும் குடை பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்கள். அரை மணி நடை, அட்டைக்கடி வேறு. ஹாரன் அடித்தேன். ரெஜினா திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். ஏறவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்னும் ரெண்டு வீட்டில் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பிள்ளைகள். மித்ரா வருகிறது. அதன் அம்மா காலை ஐந்து மணிக்கே மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு பேக்டரிக்குப் போகிறவள். பஸ்ஸுக்கு நடத்திக் கூட்டிப்போக ஆள் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேக்டரி மைதானத்தில் யாரும் இல்லாத நேரம் ஜீப்பை எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு கிளட்சை அமுக்கினால் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. நிமிர்ந்து ரோட்டைப் பார்த்து அமுக்கினால் அரைக்கிறது. திரும்பக் குனிந்தால் விழுகிறது. நிமிர்ந்தால் அரைக்கிறது.

ஒரு தடவை, பெடலை விட்டுக் காலைத் தரையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். குனிந்து பார்த்தால் கால் பெடல் மேல் இருந்தது.

வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வண்டி ரெடி இல்லை, இந்த வாரம் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்புங்கள் என்று ஐந்து வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். என்ன ரிப்பேர் என்று மித்ராவின் அம்மா கேட்டாள். கிளட்ச் என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் தவமணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அடுப்படியிலிருந்து வாசல் வரை ரத்தம். ஒரு கால் தடம் மட்டும்.

"உக்காருங்க" என்றாள். குளிருக்காக வீட்டுக்குள்ளும் போட்டிருந்த இடது செருப்பைக் கழற்றப் போனாள், வரவில்லை. செருப்பு காலோடு ஒட்டியிருந்தது. அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ ஏறி, ரப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் போயிருக்கிறது. ஜீப்பில் கழன்றதாக இருக்கலாம். பேக்டரி மைதானத்தில் மிதித்ததாகவும் இருக்கலாம். சுற்றிலும் கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது.

"எப்ப குத்துச்சு?"

தெரியாது என்றேன்.

"வலிக்கலையா?"

அவள் ஸ்க்ரூவை இழுத்து எடுக்கும்போது நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

எஸ்டேட் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்க அய்யா. கால்ல இதால தொடுவேன். தொட்டது தெரியறப்ப சொல்லுங்க."

கண்ணை மூடினேன். காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

"ஆரம்பிங்கம்மா" என்றேன்.

"முடிச்சிட்டேன் அய்யா" என்றார்.

கண்ணைத் திறந்தேன். தவமணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

சர்க்கரையால் நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறதாம். வலது காலிலும் இருக்கிறது, இடது ரொம்ப மோசம். இது ஒரே நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் வருவது என்றார். புண் உள்ளே போய்விட்டது, நாளைக்கே கோயம்புத்தூர் போக வேண்டும்.

"வண்டி எதுவும் ஓட்டுறீங்களா?"

"ஜீப் ஓட்டுறேன்."

"தனியாவா, ஆள ஏத்திட்டா?"

நான் சொல்லவில்லை. தவமணி சொன்னாள். "பள்ளிக்கூடப் பிள்ளைங்கம்மா. எட்டுப் பேரு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 4, புதன்

கோயம்புத்தூர். ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

தவமணி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறாள். இன்று மத்தியானம் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெஜினா எங்கிட்டயும் வந்து சொன்னா."

"எப்ப?"

"அந்த வண்டி உருண்ட மறுநாளே. அக்கா, அண்ணன் கால்ல ஏதோ இருக்கு, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னா."

"அப்ப ஏன் நீ எங்கிட்டச் சொல்லல?"

உரித்த சுளையைத் தட்டில் வைத்தாள். "வேலைய விட்டு வந்த முதல் மாசம் நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. சாப்பிடல, பேசல. சுவத்தப் பார்த்து உக்காந்திருந்தீங்க. ஜீப் வந்தப்புறம்தான் மனுஷனா ஆனீங்க. அதையும் புடுங்கிட்டா என்ன ஆவீங்களோன்னு பயந்துட்டேன்."

பிறகு, "பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நானும்தான் பொறுப்பு" என்றாள்.

நீ இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

செப்டம்பர் 12, வியாழன்

படுத்திருக்கும்போது அந்த வளைவுதான் வருகிறது. ரெஜினா குதித்தது, கல், அந்த ஒரு முழம். பாயின் முகமும் வருகிறது. பிளேட்டை என் கையில் கொடுத்தபோது அவன் குரலில் கோபம் இல்லை. பயந்த மாதிரி இருந்தது. எனக்காகத்தான் பயந்திருக்கிறான். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். தெரிந்ததா இல்லையா என்று இப்போதும் எனக்கே சரியாகச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. குதிகாலில் பாரம் வைத்து நடக்கப் பழக வேண்டும். மெத்தை வைத்த செருப்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஜீப் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்தால் நேராக அதுதான் தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

தவமணியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். ஹனீபா பட்டறையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பழைய ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டிருந்தான். ஸ்கூட்டர் வேலை அவன் எடுப்பதே இல்லை.

என் காலைப் பார்த்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"பாய், நீ சொன்னது சரி. தப்பு என் கால்ல. நீ புது பிளேட்தான் போட்டே. நான்தான் உன்னைப் பத்தி ஸ்டாண்டுல தப்பாப் பேசிட்டேன்."

அவன் கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க முத்தண்ணே? என்ன பிளேட் போட்டேன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தவமணி கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து காலை விசாரித்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொன்னேன்.

"எல்லாரும் கேளுங்கப்பா. ஹனீபா பழைய பிளேட் போட்டான்னு இதே எடத்துல சொன்னேன். அது பொய். அவன் போட்டது புதுசு. கிளட்ச் கருகினதும் கியர் அரைச்சதும் என் காலால. என் கால்ல உணர்ச்சி போயிடுச்சு. அவன் எடுத்துச் சொன்னான், நான் கேக்கல. அன்னைக்கு எட்டுப் பிள்ளைங்க சாகப் பார்த்தாங்கன்னா அது என்னாலதான்."

ஒரு பையன் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வயதில் மூத்த டிரைவர் ஒருவர் தன் இடது காலை நீட்டி, செருப்பைக் கழற்றி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பட்டறைப் பக்கம் போகவில்லை. பாய் மன்னித்தானா என்று கேட்கவும் இல்லை. அது அவன் இஷ்டம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ரெஜினா வீட்டுக்கு நானே நடந்து போனேன். ஷைனி நாற்காலி எடுத்துப் போட்டது. ரெஜினாவின் உள்ளங்கையில் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"ஜீப்ப நீ ஓட்டுறியா? பிள்ளைங்க மழைல நடக்குதுங்க."

"ஹனீபா பாய் பார்த்துச் சரின்னு சொன்னா ஓட்டுறேன். உங்க வார்த்தை போதாதுண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது?

"லைசென்ஸையும் இந்த மாதிரி வண்டிக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணிக்கணும். அதுக்கப்புறம் ஒரு வாரம் வெறும் வண்டிய ஏத்தி இறக்கிப் பார்ப்பேன். பிள்ளைங்கள அப்புறம்தான் ஏத்துவேன்" என்றும் சொன்னாள். சரி என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பாய் பஸ்ஸில் வந்து இறங்கினான். என்னிடம் அதிகம் பேசவில்லை. தார்ப்பாயை எடுத்தான். கீழே படுத்துப் பார்த்தான். ஹேண்ட்பிரேக்குக்குப் புதுக் கம்பி கொண்டுவந்திருந்தான், மாட்டினான். ரெஜினாவை உட்காரவைத்து, தானும் ஏறி, கல்மேட்டு வரை போய் வந்தார்கள். நான் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். வளைவு வீட்டிலிருந்து தெரியாது, சத்தம் வரும். தேர்டிலிருந்து செகண்டுக்கு மாறியதே கேட்கவில்லை. என்ஜின் குரல் மட்டும் கொஞ்சம் கனத்து, ஏறி, போய்விட்டது.

திரும்பி வந்து பாய் இறங்கினான். "வண்டில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, சாவியை ரெஜினாவிடம் கொடுத்தான்.

தவமணி சாப்பிடச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றான். பட்டறையில் ரெண்டு ஜீப் நிற்கிறதாம். டீ மட்டும் குடித்தான். தம்ளரை வைத்துவிட்டு, "புண்ண ஈரத்துல வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 11, திங்கள்

கட்டு மாற்ற டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் பிள்ளைகளோடு ஜீப்பில் வந்தேன். ரெஜினா முன் சீட்டைக் காட்டினாள். முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் நான் காலை அமுக்கிக்கொண்டு வருவேன். பின்னால் ஏறினேன்.

இத்தனை வருஷத்தில் நான் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. ரோடு முன்னால் வருவதற்குப் பதில் விட்டுப் போகிறது. பிள்ளைகள் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஒருத்தன் முட்டாய் கொடுத்தான், சர்க்கரை, வேண்டாம் என்றேன். ஷைனி டீச்சரைப் போலப் பேசிக்காட்டியது. எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

கல்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிரிப்பு நின்றது. யாரும் சொல்லவில்லை, தானாக நின்றது. எதிரெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கையை நீட்டி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சங்கிலி மாதிரி எட்டுப் பேரும். கண்ணை மூடிக்கொண்டவர்களும் உண்டு.

"என்ன இது?" என்று ஷைனியிடம் கேட்டேன்.

"ஜீப் பின்னால உருண்டுச்சுல்ல தாத்தா, அன்னைலருந்து இப்படித்தான்."

"நான் ஓட்டறப்பவுமா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

ஷைனி தோளைக் குலுக்கியது. "நீங்க பாவம்னு சொல்லல."

வண்டி வளைவு வாயில் வேகம் தணிந்து ஏறியது. செகண்ட் விழுந்தது தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த மித்ராவுக்கு ஒரு கை ஷைனியிடம் இருந்தது. இன்னொரு கை சும்மா இருந்தது. என்னைப் பார்க்காமலே அந்தக் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமான பிடி. நகம் பதிந்தது. வலித்தது.

வளைவு முடிந்ததும் விட்டுவிட்டது. மறுபடி பேச்சும் சிரிப்பும்.

வீடு வருவதற்குள் இன்னும் ரெண்டு வளைவு இருக்கிறது. அவை சின்ன வளைவுகள், பிள்ளைகள் யாரும் கண்டுகொள்வதில்லை. அடுத்த வளைவு வந்தபோது நான் கையை நீட்டினேன். மித்ரா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டது.